"ஜூன் ஒண்ணாம் தேதி சாவி உங்கள் கையில்" என்று ஏஜெண்ட் சொன்னால் நம்பாதீர்கள்

டர்பனில், அதிலும் சாட்ஸ்வர்த், ஃபீனிக்ஸ், வெருலம் பக்கம் வீடு பார்த்துக்கொண்டிருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். விலை படிந்துவிட்டால் எல்லாம் முடிந்தது என்று நினைத்துவிடாதீர்கள். குடிபோகும் தேதியை விலையைவிடக் கறாராகப் பேச வேண்டியிருக்கிறது. புகார் நடந்துகொண்டிருப்பதால் யார் பெயரையும் போடவில்லை. மற்றதெல்லாம் நடந்தது நடந்தபடி.

நாங்கள் மெர்பேங்கில் வாடகைக்கு இருந்தோம். அரீனா பார்க்கில் ஒரு வீடு பிடித்துப்போய், தைப்பூசம் முடிந்த கையோடு ஆஃபரில், அதாவது வாங்கும் ஒப்பந்தப் படிவத்தில், கையெழுத்துப் போட்டோம். நாங்கள் கேட்டது ஒன்றே ஒன்றுதான்: வைகாசிக்குள் பால் காய்ச்ச வேண்டும். ஆனி, ஆடியில் எங்கள் குடும்பத்தில் புது வீட்டுக்குப் போவதில்லை. ஏஜெண்டிடம் இதை முதல் நாளே சொன்னோம். "ஜூன் ஒண்ணாம் தேதி சாவி உங்கள் கையில் இருக்கும், வாடகை வீட்டுக்காரரிடம் தைரியமாகச் சொல்லிவிடுங்கள்" என்றார். விற்றவரும் தமிழர்தான், எங்கள் அப்பா வயது. "தம்பி, நாமெல்லாம் ஒரே கோயில் ஆளுங்க. ஒரு நாள்கூடத் தள்ளாது" என்று தோளைத் தட்டினார்.

படிவத்தில் குடியேறும் தேதிக்கான இடத்தில் ஏஜெண்ட் பேனாவால் எழுதியது இது: "பதிவாகும் நாளில், ஜூன் 1 வாக்கில்." அதற்குக் கீழே, குடியிருக்கும் காலத்துக்கு மாத வாடகை எவ்வளவு என்று ஒரு காலி இடம். அங்கே நீளமாக ஒரு கோடு கிழித்தார். என் மனைவி அந்தக் கோட்டின்மேல் விரலை வைத்து, "இது எதுக்கு?" என்று கேட்டாள். "அது முன்கூட்டியே குடிபோகிறவர்களுக்கு, உங்களுக்கு வராது" என்று பதில் வந்தது. அது அப்பட்டமான பொய். பதிவுக்கு முன்பே நாம் உள்ளே போனால் நாம் வாடகை கொடுக்க வேண்டும். பதிவு முடிந்தும் விற்றவர் காலி செய்யாவிட்டால் அவர் கொடுக்க வேண்டும். இரண்டுக்கும் அந்த ஒரே இடம்தான்.

தென்னாப்பிரிக்காவில் வீடு நம் பெயருக்கு மாறுவது டீட்ஸ் ஆபீஸில் (சொத்துப் பதிவு அலுவலகம்) பதிவாகும் நாளில்தான். நமக்கு அது பீட்டர்மாரிட்ஸ்பர்கில் இருக்கிறது. அந்த நாள் எது என்று எந்த வக்கீலும் முன்கூட்டியே அடித்துச் சொல்ல முடியாது. சாதாரணமாக மூன்று மாதம் போல ஆகும். பேங்க் பாண்ட் (வீட்டுக் கடன்), வரி ரசீது, கரண்ட் சர்டிஃபிகேட், நம் ஊர் வழக்கப்படி மரவண்டு சர்டிஃபிகேட், முனிசிபாலிட்டி கிளியரன்ஸ் (பாக்கி இல்லை என்ற சான்று) எல்லாம் சேர வேண்டும். இதில் ஒன்று நின்றாலும் எல்லாம் நிற்கும். விற்பவர் மனது வைத்தால் அந்த ஒன்றை நிறுத்தியும் வைக்கலாம்.

மே மாதம் முழுக்க எங்களுக்குக் கிடைத்த பதில், "முனிசிபாலிட்டி லேட் பண்ணுது, அங்கிள் என்ன செய்வார்?" என்பதுதான். அங்கிள் என்றது வீட்டை விற்றவரை. டிரான்ஸ்ஃபர் வக்கீலை விற்பவர் தேர்ந்தெடுப்பார், ஃபீஸை வாங்குபவர் கட்டுவார். இங்கே அதுதான் வழக்கம். பணம் எங்களுடையது, ஆனால் எங்கள் மெயிலுக்கு ஒரு வரி பதில் வாங்குவதே பெரும்பாடாக இருந்தது. கடைசியில் என் மனைவி அந்த ஆபீஸுக்கு ஃபோன் செய்து, முனிசிபாலிட்டி கணக்கு எந்தத் தேதியில் வந்தது என்று மட்டும் கேட்டாள். அங்கே வேலை பார்க்கும் ஒரு பெண் அந்தக் கடிதத்தையே அனுப்பி வைத்தார். டர்பன் முனிசிபாலிட்டியான ஈதெக்வினியிலிருந்து கணக்கு ஏப்ரல் தொடக்கத்திலேயே வந்துவிட்டது. கட்ட வேண்டிய தொகையெல்லாம் அதில் இருந்தது. அங்கிள் ஒரு சென்ட் கட்டவில்லை. அதைக் கட்டாமல் கிளியரன்ஸ் வராது. கிளியரன்ஸ் இல்லாமல் பதிவு நடக்காது. 2000ஆம் ஆண்டு முனிசிபல் சிஸ்டம்ஸ் சட்டத்தின் 118ஆவது பிரிவு அது.

ஏன் கட்டவில்லை என்பது பிறகு தெரிந்தது. அவர் போக வேண்டிய புது வீட்டில் கட்டட வேலை முடியவில்லை. இன்னொன்று, பழைய பாண்டை மூடுவதற்கு 90 நாள் முன்னதாக பேங்குக்கு நோட்டீஸ் கொடுக்க வேண்டும். கொடுக்காவிட்டால் மூன்று மாத வட்டி வரை தண்டமாகப் பிடிப்பார்கள். அவர் நோட்டீஸ் கொடுத்ததே ஏப்ரலில். இழுத்தடித்தால் அவருக்கு லாபம். எங்கள் ஜூன் 1 அவர் கணக்கில் ஒரு நாளும் இருந்ததில்லை.

அதற்குள் மெர்பேங்க் வீட்டுக்காரர் வேறு ஆளுக்கு வாக்குக் கொடுத்துவிட்டார். சாமான்கள் ஃபீனிக்ஸில் மைத்துனர் கராஜில், நாங்கள் அவர் வீட்டில் ஒரே அறையில். பிள்ளைகள் விடியும் முன்பே எழுந்து பள்ளிக்கூடம் போனார்கள்.

எங்களுக்கென்று தனி வக்கீல் வைத்து, ஒப்பந்தத்தை மீறுகிறீர்கள், இத்தனை நாளுக்குள் சரிசெய்யுங்கள் என்று நோட்டீஸ் அனுப்பினோம். அந்த வாரமே பணம் கட்டினார்! ஜூலை கடைசியில் பதிவானது. பேங்க் பணம் போனது, ஏஜெண்ட் கமிஷனும் போனது. அப்புறம் ஏஜெண்ட் ஃபோனை எடுக்கவே இல்லை. அங்கிள் மட்டும், "தம்பி, இன்னும் கொஞ்ச நாள் பொறுங்க, நம்ம ஆளுங்கதானே" என்றார். பாண்ட் தவணை எங்களுடையது, ரேட்ஸ் (முனிசிபாலிட்டி வீட்டு வரி) எங்களுடையது, வீட்டுக்குள் அவர். பூட்டை மாற்றவோ கரண்டை வெட்டவோ நமக்கு உரிமை இல்லை. 1998ஆம் ஆண்டுச் சட்டப்படி கோர்ட் ஆணை இல்லாமல் யாரையும் வீட்டை விட்டு வெளியேற்ற முடியாது. அவருக்கு இது நன்றாகவே தெரிந்திருந்தது. வாடகை கேட்கலாம் என்றால், காகிதத்தில் அந்தக் கோடு.

ஆகஸ்ட் கடைசியில்தான் காலி செய்தார். ஆவணியில் பால் காய்ச்சினோம்.

நீங்கள் செய்ய வேண்டியதைச் சொல்கிறேன். ஆஃபரில் கையெழுத்துப் போடும் முன்பே விற்பவரிடம் இரண்டு கேள்வி கேளுங்கள்: பேங்குக்கு 90 நாள் நோட்டீஸ் எந்தத் தேதியில் கொடுத்தீர்கள், இங்கிருந்து எங்கே போகிறீர்கள்? பதில் மழுப்பலாக இருந்தால் அவர் சொல்லும் தேதியும் மழுப்பல்தான். பதிவு நாள் யார் கையிலும் இல்லை என்பதால், பதிவானதிலிருந்து இத்தனை நாளுக்குள் வீடு காலியாக, சாவியோடு என்று எழுதச் சொல்லுங்கள். அதற்கு மேல் ஒவ்வொரு நாளும் தங்கினால் எவ்வளவு என்று ராண்டில் எழுதுங்கள். மாதக் கணக்கு வேண்டாம். முனிசிபாலிட்டி கணக்கு வந்தால் எத்தனை நாளில் கட்டுவார் என்பதும் வேண்டும். முடிந்தால் விலையில் ஒரு பகுதி, சாவி கைக்கு வரும்வரை வக்கீலின் டிரஸ்ட் கணக்கிலேயே இருக்கட்டும். விற்பவர் முரண்டு பிடிப்பார், விடாதீர்கள். எங்களுக்கு மட்டும் நாளுக்கு இவ்வளவு என்ற அந்த ஒரு வரி இருந்திருந்தால் ஆகஸ்ட் முழுக்க அவர் உட்கார்ந்திருக்க மாட்டார்.

வாய்ப்பேச்சையும் வாட்ஸ்அப் மெசேஜையும் நம்பி இருக்க வேண்டாம். 1981ஆம் ஆண்டுச் சட்டப்படி வீடு விற்கும் ஒப்பந்தம் எழுத்தில், கையெழுத்தோடு இருந்தால்தான் செல்லும். காலி இடத்தில் ஏஜெண்ட் கோடு கிழித்தால் அங்கேயே நிறுத்தி, தொகையை எழுத வையுங்கள். வாடகை வீட்டுக்கு நோட்டீஸ் கொடுப்பதைக் கூடுமானவரை தள்ளிப்போடுங்கள். பத்திரங்கள் டீட்ஸ் ஆபீஸில் தாக்கலாகிவிட்டன என்று வக்கீலே எழுத்தில் சொன்ன பிறகு கொடுத்தால் போதும்.

ஒரே கோயில், ஒரே ஊர், ஒரே சாதி என்று யாராவது பேச ஆரம்பித்தால் மரியாதையாகக் கேட்டுக்கொள்ளுங்கள், ஆனால் காகிதத்தில் ஒரு வரியும் குறைக்காதீர்கள். பெரியவர் என்று நாங்கள் காட்டிய மரியாதையைத்தான் அவர் கடைசிவரை பயன்படுத்திக்கொண்டார். அந்தக் கோபம் எனக்கு இன்னும் போகவில்லை.

ஏஜெண்ட் மேல் பிராபர்ட்டி பிராக்டிஷனர்ஸ் ஒழுங்குமுறை ஆணையத்தில் புகார் கொடுத்திருக்கிறோம். அங்கிள் தங்கிய நாட்களுக்கான நஷ்டத்தை ஸ்மால் கிளெய்ம்ஸ் கோர்ட்டில் கேட்கப் போகிறோம். அங்கே 20,000 ராண்ட் வரை கேட்கலாம், வக்கீல் வைக்க அனுமதி இல்லை, நாமே பேச வேண்டும். அதற்கு முன் 14 நாள் அவகாசம் கொடுத்துக் கடிதம் அனுப்ப வேண்டும். அதைப் போன வாரம் அனுப்பிவிட்டோம்.