ஒரு செமஸ்டர் வெளிநாட்டில்: ஜெர்மனியா, சிங்கப்பூரா?

கோவை, ஈரோடு பக்கத்துப் பிள்ளைகள் பலர் இந்த இரண்டுக்கும் நடுவில்தான் தடுமாறுகிறார்கள். உங்கள் கல்லூரிக்கும் அங்குள்ள பல்கலைக்கழகத்துக்கும் மாணவர் பரிமாற்ற ஒப்பந்தம் இருந்தால் படிப்புக் கட்டணத்தைப் பெரும்பாலும் இங்கேயே கட்டினால் போதும். மற்றதைப் பார்ப்போம்.

பணம்
ஜெர்மனி: விசாவுக்கு மாதம் 992 யூரோ வீதம் (2024 செப்டம்பர் முதல்) முடக்கக் கணக்கில் போட்டுக் காட்டச் சொல்வார்கள். அது செலவல்ல, உங்கள் பணமே மாதாமாதம் கைக்கு வரும். ஆனால் மொத்தமாகப் புரட்ட வேண்டும். வீட்டில் முதலிலேயே சொல்லிவிடுங்கள்.
சிங்கப்பூர்: விடுதியில் இடம் கிடைக்காவிட்டால் வாடகை கையைக் கடிக்கும்.

பயணம்
சிங்கப்பூருக்குக் கோவையிலிருந்தே நேரடி விமானம். ஜெர்மனிக்கு மாறித்தான் போகணும்.

அன்றாடம்
சிங்கப்பூர்: தமிழ் ஆட்சிமொழி, இட்லிக்கும் பஞ்சமில்லை.
ஜெர்மனி: ஞாயிறு கடைகள் அடைப்பு; அரிசி, பால் எல்லாம் சனிக்கிழமையே வாங்கி வைக்கணும். டிசம்பரில் நாலரை மணிக்கே இருட்டிவிடும், அப்போதுதான் வீட்டு நினைப்பு வாட்டும்.

நூற்பாலை, பனியன் தொழில் குடும்பத்துப் பிள்ளை என்றால் நான் ஜெர்மனியைத்தான் சொல்வேன். ராய்ட்லிங்கன், மோன்ஷென்கிளாட்பாக் இரண்டும் ஜவுளிப் படிப்புக்குப் பேர்போன ஊர்கள். முதல்முறை வீட்டைப் பிரிகிறவர்களுக்குச் சிங்கப்பூர் சரி. எதுவானாலும், அங்கே படிக்கும் பாடங்களுக்கு இங்கே கிரெடிட் உண்டு என்று துறைத்தலைவரிடம் எழுத்தில் வாங்கிக்கொண்டு கிளம்புங்கள்.