பானெட்டின் நடுவே ஒரு டேப்: கார்னுபா மெழுகும் சிந்தெடிக் மெழுகும், ஆறு வருட அனுபவம்

என் வண்டி 2018ல் வாங்கிய அடர்நீல பலேனோ கார். திருவான்மியூரில், கடற்கரைக்கு நடந்தே போய்விடும் தூரத்தில், ஒரு நாட்டு வாதாம் மரத்தடியில் நிற்கிறது. மேலே கூரை கிடையாது. காலையில் உப்புக் காற்று, மதியம் வெயில், இரவில் வௌவால். இந்த மூன்றுக்கும் நடுவில் பெயின்டைக் காப்பாற்ற முதல் மூன்று வருடம் கார்னுபா போட்டேன், அதற்குப் பிறகு சிந்தெடிக், அதாவது பாலிமர் கலந்த செயற்கை மெழுகு. இரண்டில் எதை வாங்குவது என்று யோசிப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

முதலில் ஒரு சொல் குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். நம் ஊரில் எல்லாவற்றையும் ‘பாலிஷ்’ என்றே சொல்கிறோம். பாலிஷ் என்பது பெயின்டின் மேல்தோலைக் கொஞ்சம் தேய்த்து எடுப்பது. வாக்ஸ், அதாவது மெழுகு, அதன்மேல் ஒரு படலத்தைப் போடுவது. பெயின்டுக்கு மேலே இருக்கும் நிறமில்லாத காப்புப் பூச்சான கிளியர் கோட்டின் கனம் பெரும்பாலான வண்டிகளில் 40, 50 மைக்ரான்தான், தலைமுடியைவிடக் குறைவு. அடிக்கடி பாலிஷ் போட்டால் அது தேய்ந்துகொண்டே போகும். வாக்ஸை எத்தனை முறை போட்டாலும் பெயின்ட் தேயாது. ஆனால் ‘கிளீனர் வாக்ஸ்’ என்று எழுதியிருந்தால் அதில் தேய்க்கும் பொடி கலந்திருக்கும், பார்த்து வாங்குங்கள்.

கார்னுபாவில் தொடங்குகிறேன். வடகிழக்கு பிரேசிலில் வளரும் ஒரு பனையின் ஓலையில் படிந்திருக்கும் மெழுகு இது. ஓலையை வெட்டிக் காயவைத்து, அடித்து, உதிரும் பொடியை உருக்கி எடுக்கிறார்கள். மிட்டாய்க்கும் மாத்திரைக்கும் மேலே இருக்கும் பளபளப்பு பல சமயம் இதே மெழுகுதான். சுத்தமான கார்னுபா கல் மாதிரி இருக்கும், துணியில் தொட்டுத் தடவ முடியாது. அதனால் எண்ணெய், கரைப்பான், சில சமயம் தேன்மெழுகு சேர்த்துப் பேஸ்ட் ஆக்குகிறார்கள். டப்பாவில் ‘100 சதவீதம் கார்னுபா’ என்று போட்டிருந்தால், உள்ளே இருப்பது முழுக்க அதுவே என்று எடுத்துக்கொள்ள வேண்டாம்.

அதைப் போடுவது எனக்கு இன்றைக்கும் பிடித்த வேலை. காலை ஆறரைக்குள், தகரம் இன்னும் குளிர்ந்திருக்கும்போது, ஒரு சின்னப் பஞ்சு வட்டத்தில் கொஞ்சமாக எடுத்து, கதவு கதவாகத் தடவ வேண்டும். பத்து நிமிடத்தில் வெள்ளையாகப் பூத்து வரும். விரலால் ஒரு கோடு இழுத்துப் பார்த்து, சுத்தமாக வந்தால் மைக்ரோஃபைபர் துணியால் துடைக்கலாம். துடைக்கத் துடைக்க நீலம் உள்ளே உள்ளே போகிற மாதிரி இருக்கும். அதில் இருக்கும் எண்ணெய்கள் மெல்லிய கீறல்களை நிரப்பிவிடுவதால் வெயிலில் தெரியும் சிலந்திவலைக் கோடுகளும் மங்கிவிடும். அடர்நிற வண்டியில் இந்த அழகை வேறு எதுவும் தந்து நான் பார்த்ததில்லை.

ஆனால் அது நிற்கவில்லை. மார்கழியில் போட்டால் இரண்டு மாதம் தாங்கும். சித்திரையில் போட்டால் ஐந்தாவது வாரமே தண்ணீர் முத்துமுத்தாக உருளாமல் பாய் விரித்த மாதிரி படுத்துவிடும். கார்னுபா தனியாக 82 டிகிரிக்கு மேல்தான் உருகும் என்றாலும், பேஸ்டில் சேர்ந்திருக்கும் மற்ற பொருள்கள் அதற்கு முன்பே இளகிவிடும். தேன்மெழுகு 62, 64 டிகிரியிலேயே உருகுவது. மே மாத மதியத்தில் அடர்நிற பானெட்டில் கை வைத்துப் பார்த்தவர்களுக்கு நான் மேலே விளக்க வேண்டியதில்லை.

2021 மே மாத ஊரடங்கில்தான் எனக்கு உண்மையாகவே வலித்தது. வண்டி பத்து நாளுக்கும் மேல் மரத்தடியிலேயே நின்றது. வௌவால்கள் வாதாம்பழம் தின்று போட்டதெல்லாம் வண்டியின் கூரையில் காய்ந்து கிடந்தது. கழுவியபோது கறை போனது, அதன் வடிவம் போகவில்லை. எச்சத்தில் இருக்கும் அமிலமும் வெயிலில் இளகிய கிளியர் கோட்டும் சேர்ந்து ஒரு ரூபாய் நாணயம் அளவுக்கு வட்டமாக அரித்திருந்தது. கடைசியாக வாக்ஸ் போட்டது மார்ச்சில். அதாவது, அந்த நேரத்தில் கூரையில் ஒன்றுமே இல்லை.

அதன் பிறகு சிந்தெடிக் பக்கம் பார்க்க ஆரம்பித்தேன். எடுத்த எடுப்பில் நம்பிக்கை வரவில்லை. வண்டி எடுத்தபோதே ஷோரூமில் ஏதோ கோட்டிங் என்று 4,500 ரூபாய் வாங்கியிருந்தார்கள், நான்கே மாதத்தில் அது இருந்த இடம் தெரியவில்லை. அதனால் இந்த முறை நானே சோதித்துவிடுவது என்று முடிவெடுத்தேன்.

2022 பிப்ரவரி. ஷாம்பு போட்டுக் கழுவி, ஒட்டியிருக்கும் அழுக்கை எடுக்கும் களிமண் மாதிரியான கட்டியால் (கிளே பார்) தேய்த்து, மிச்சமிருக்கும் பழைய மெழுகு போக ஐசோபுரொபைல் ஆல்கஹாலில் பாதிக்குப் பாதி தண்ணீர் கலந்து துடைத்தேன். பிறகு பானெட்டின் நடுவே மேலிருந்து கீழாக ஒரு மாஸ்கிங் டேப். இடது பக்கம் கார்னுபா, வலது பக்கம் பாலிமர் கலந்த திரவ சிந்தெடிக் வாக்ஸ். டேப்பை எடுத்ததும் மனைவியைக் கூப்பிட்டு, எதுவும் சொல்லாமல், எந்தப் பக்கம் நன்றாக இருக்கிறது என்று கேட்டேன். யோசிக்காமல் இடது பக்கத்தைக் காட்டினாள். அந்த வலது பக்கம் கண்ணாடி மாதிரி, கொஞ்சம் விறைப்பாகப் பளபளத்தது. இடது பக்கம் நனைந்த மாதிரி இருந்தது.

அதற்குப் பிறகு ஒவ்வொரு ஞாயிறும் ஒரு மக் தண்ணீர் ஊற்றிப் பார்த்து, நாட்காட்டியிலேயே குறித்து வைத்தேன். நான்காவது வாரம் வரை பெரிய வித்தியாசம் இல்லை. ஐந்தாவது வாரம் இடது பக்கத் துளிகள் பெருத்துத் தட்டையாகின. ஏப்ரல் முதல் வாரம் அங்கே தண்ணீர் தேங்கியது, டேப் இருந்த கோட்டைத் தாண்டி வலது பக்கம் போனதும் உருண்டு ஓடியது. அந்தக் கோட்டை அவ்வளவு தெளிவாகப் பார்த்தது இன்னும் நினைவிருக்கிறது. வலது பக்கம் ஜூலை பாதி வரை தாங்கியது, ஐந்து மாதம். தூசியும் அங்கே குறைவாகவே ஒட்டியது. எங்கள் தெருவில் காலையில் வண்டி துடைக்க வரும் அண்ணன் ஒருநாள் தானாகவே கேட்டார்: “என்னா சார் தடவுனீங்க? இந்தப் பக்கம் துணி வழுக்கினு போவுது.”

காரணம் சிக்கலானது இல்லை. கார்னுபா பெயின்ட்மேல் படிந்து உட்காருகிறது, அவ்வளவுதான். சிந்தெடிக்கில் இருக்கும் சிலிகோன் வகைப் பாலிமர்கள் பெயின்டைப் பற்றிக்கொள்கிற மாதிரி செய்யப்பட்டவை. பல வகைகளில் அவை காயும்போது ஒன்றோடொன்று பின்னிக்கொள்ளும். அதனால் வெயிலும் ஷாம்புவும் அதைச் சீக்கிரம் கரைப்பதில்லை. போட்ட அன்று வண்டியை நனையாமல் வைத்திருக்கச் சொல்வதும் இதற்காகத்தான். பாத்திரம் துலக்கும் சோப்பை மட்டும் இரண்டின் பக்கமும் கொண்டுபோகாதீர்கள். எண்ணெய்ப் பிசுக்கை எடுப்பதுதான் அதன் வேலை, மெழுகையும் சேர்த்து எடுத்துவிடும்.

சிந்தெடிக்கில் எனக்கு ஒரே ஒரு பெரிய குறை, அதுவும் தண்ணீரால் வந்தது. எங்கள் போர் தண்ணீர் கடும் உப்பு. துளிகள் உருண்டையாக நின்று வெயிலில் காய்ந்தால் ஒவ்வொன்றும் ஒரு வெள்ளை வளையம் விட்டுப்போகும். முதல் கோடையில் டிக்கி முழுக்க அம்மை போட்ட மாதிரி ஆகிவிட்டது. வெள்ளை வினிகரில் அதே அளவு தண்ணீர் கலந்து துணியில் நனைத்து ஒரு நிமிடம் வைத்தால் புதிய வளையங்கள் போய்விடும், உடனே நல்ல தண்ணீரால் கழுவிவிட வேண்டும். இப்போது நான் கடைசி அலசலுக்கு ஏசியிலிருந்து சொட்டும் தண்ணீரைப் பிடித்து வைக்கிறேன். அதில் உப்பு கிட்டத்தட்ட இல்லை. ஒரு பழைய வேட்டித் துணியில் வடிகட்டினால் போதும், இரண்டு வாளி வண்டி முழுக்க வரும். ஆர்ஓ மெஷின் வெளியே தள்ளும் தண்ணீரில் கழுவுகிறவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். அதில் உப்பு சாதாரணத் தண்ணீரைவிட அதிகம், கடைசி அலசலுக்கு அது வேண்டாம்.

செலவில் வித்தியாசம் பெரிதாக இல்லை. பாட்டில் டப்பாவைவிட விலை கூடுதல், ஆனால் வருடத்துக்கு மூன்று முறை போட்டால் போதும். கார்னுபாவை ஏழெட்டு முறை போட்டேன், ஒவ்வொரு முறையும் இரண்டு மணி நேரம் பிடித்தது.

இப்போது என் வழக்கம்: சிந்தெடிக் அடியில் எப்போதும் இருக்கும். ஆயுத பூஜைக்கு இரண்டு நாள் முன்பு புதிதாக ஒரு பூச்சு, 24 மணி நேரம் காயவிட்டு அதன்மேல் கார்னுபா. வரிசையை மாற்றிப் போடக்கூடாது, மெழுகின் மேல் பாலிமர் பிடிக்காது. பொட்டு வைப்பதற்கும் இது நல்லது. வாக்ஸ் இல்லாத பானெட்டில் குங்குமம் ஒரு வாரம் இருந்தால் சாயம் இறங்கிவிடும். தாம்பரத்தில் இருக்கும் என் மச்சானின் வெள்ளை வேகன் ஆரில் போன வருடத்து ரோஜா நிறக் கறை இன்னும் இருக்கிறது. “மாப்ளே, எனக்கும் அந்தப் பனை மெழுகு ஒண்ணு வாங்கிக் குடுங்க” என்றார். வேண்டாம் என்று சிந்தெடிக் பாட்டிலைக் கொடுத்தேன். வெள்ளையிலும் வெள்ளியிலும் கார்னுபாவின் ஆழம் கண்ணுக்குத் தெரிவதே இல்லை, அதற்காக மாதாமாதம் கை வலிக்கத் தேய்ப்பது வீண். அதுவே கறுப்பு, சிவப்பு, அடர்நீல வண்டி, மூடிய பார்க்கிங், ஞாயிறு காலை சும்மா இருக்கிறது என்றால் கார்னுபாவைத் தாராளமாக வாங்குங்கள். வெட்டவெளியில் நிற்கும் வண்டி என்றால், நிறம் எதுவாக இருந்தாலும் முதலில் சிந்தெடிக்.

எந்த மெழுகும் எச்சத்தை வாரக்கணக்கில் தாங்காது, நேரம் வாங்கித் தரும், அவ்வளவே. வண்டிக்குள் தண்ணீர் ஸ்பிரேயும் ஒரு துணியும் வைத்திருக்கிறேன். எச்சம் காய்ந்திருந்தால் நனைத்த துணியை ஐந்து நிமிடம் அதன்மேல் போட்டுவிட்டு, தேய்க்காமல் ஒற்றி எடுக்கிறேன். போன மாதம் ஊருக்குப் போய் மூன்று நாள் கழித்து வந்தபோதும் கூரையில் கிடந்தது, அப்படி எடுத்ததில் அடியில் ஒரு தடமும் இல்லை. பக்கத்திலேயே 2021 வட்டம், சாயங்கால வெயில் சாய்ந்து விழும்போது இன்னும் தெரிகிறது.