மூன்று வருடமாகக் கையில் கிடக்கும் வாட்ச்சும் அதன் கலோரிக் கணக்கும்

ஸ்ட்ராப் அறுந்து புதிது மாற்றிய அன்றைக்குத்தான் தோழி ஒருத்தி கேட்டாள். "மூணு வருஷமா கட்டியிருக்கியே, ஏரோபிக்ஸ் கிளாஸ்ல எரிக்கிற கலோரியைச் சரியா காட்டுதா? நானும் வாங்கலாம்னு இருக்கேன்." ஒரு வரியில் பதில் சொல்லிவிடலாம் என்று உட்கார்ந்தேன். முடியவில்லை.

பேட்டரி, திரை, தண்ணீர் பட்டால் தாங்குமா என்பதெல்லாம் எல்லாரும் எழுதித் தீர்த்தாயிற்று. எனக்கு அதில் குறை எதுவும் இல்லை. என் சண்டை முழுக்க, வகுப்பு முடிந்ததும் மணிக்கட்டில் லேசாக அதிர்ந்துவிட்டுக் காட்டுகிறதே, அந்த ஒற்றை எண்ணோடுதான்.

வாரம் மூன்று நாள் ஏரோபிக்ஸ், 45 நிமிடம். முதல் வருடம் முழுக்க அதை நம்பினேன். 430 என்று வந்தால் அன்றைக்கு ஒரு மிதப்பு. பக்கத்தில் ஆடுகிற பெண்ணும் இதே வாட்ச்சை வாங்கிய பிறகுதான் சந்தேகம் வந்தது. அதே பாட்டு, அதே அடவு, ஏறத்தாழ அதே உடம்பு. எனக்கு 431, அவளுக்கு 296. செயலியைத் திறந்து பார்த்தால், வாங்கிய அன்று பதிந்த 74 கிலோ அப்படியே இருக்கிறது. நான் 68க்கு வந்து மாதக்கணக்காகிவிட்டது. சரி, அது என் தப்பு. திருத்தினேன். அடுத்த வகுப்பில் 408. மீதி வித்தியாசம் யார் தப்பு?

உண்மையில் இந்த வாட்ச் கலோரியை அளப்பதே இல்லை. பச்சை வெளிச்சத்தைத் தோலில் அடித்து, ரத்தம் ஓடும் ஏற்ற இறக்கத்திலிருந்து நாடித்துடிப்பை எண்ணுகிறது. அதோடு வயது, எடை, உயரம் எல்லாம் சேர்த்து ஒரு ஊகம் போடுகிறது. நிஜமாக அளக்க வேண்டுமென்றால் முகமூடி மாட்டி, உடம்பு எவ்வளவு ஆக்சிஜனைச் செலவழிக்கிறது என்று பார்க்க வேண்டும். ஒரு லிட்டர் ஆக்சிஜனுக்குச் சுமார் 5 கலோரி. சீராக ஓடும்போது துடிப்பும் ஆக்சிஜனும் கைகோத்து ஏறும். ஆனால் துடிப்பு ஏற வேறு காரணங்களும் உண்டே: புழுக்கம், பதற்றம், தூக்கமில்லாத இரவு. மின்விசிறி ஓடாத நாளில் நான் கூடுதலாக 40 கலோரி 'எரித்திருக்கிறேன்'. டம்பெல் வகுப்பில் நேர் எதிர். கையை இறுக்கிப் பிடித்ததும் சென்சார் தடுமாறும், வியர்த்துக் கொட்டிய பிறகும் எண் பரிதாபமாக நிற்கும்.

2017இல் ஸ்டான்ஃபோர்டு ஆய்வாளர்கள் கையில் கட்டும் 7 கருவிகளை 60 பேரிடம் சோதித்தார்கள். 6 கருவிகள் நாடித்துடிப்பை 5 சதவீதப் பிழைக்குள் சொல்லிவிட்டன. கலோரியில் எல்லாமே சறுக்கின. இருப்பதிலேயே நல்லது சராசரியாக 27 சதவீதம் தவறியது, மோசமானது 93 சதவீதம். இதைப் படித்ததும் என் வாட்ச் மேல் இருந்த கோபம் தணிந்திருக்க வேண்டும். கூடிவிட்டது. இவ்வளவு ஆடுகிற கணக்கை 408 என்று கடைசி இலக்கம் வரை எதற்குக் காட்ட வேண்டும்? '300லிருந்து 500க்குள்' என்று போட்டால் யார் வாங்குவார்கள், அதுதான்.

காகிதத்திலேயே போட்டுப் பார்க்கலாம். உடம்பு எவ்வளவு உழைக்கிறது என்பதற்கு மெட் என்று ஓர் அளவு உண்டு. சும்மா உட்கார்ந்திருந்தால் 1. கிலோவுக்கு மணிக்குச் சுமார் ஒரு கலோரி. குதித்து ஆடும் ஏரோபிக்ஸுக்கு மெட் அட்டவணையில் 7.3, குதிக்காமல் ஆடினால் 5. என் எடைக்கு 45 நிமிடத்தில் முதலாவது 372, இரண்டாவது 255. தண்ணீர் குடித்தது, பயிற்சியாளர் திருத்தும்போது நின்றது எல்லாம் கழித்தால் பக்கத்துப் பெண்ணின் 296 ஒன்றும் அபத்தமில்லை. இதில் 51 கலோரி சோபாவில் கிடந்திருந்தாலும் போயிருக்கும்! 'ஒரு மணி நேரத்தில் 800' என்று ஆசை காட்டும் வகுப்புகளைப் பற்றிக் கேட்கவே வேண்டாம். என் எடைக்கு அது ஒரு மணி நேரம் விடாமல், 12, 13 கிலோமீட்டர் வேகத்தில் ஓடுவதற்குச் சமம்.

ஆனாலும் ஒன்றைச் சொல்லாவிட்டால் பாவம். இப்போது அதே வகுப்புக்கு 350தான் காட்டுகிறது. எடை மாறவில்லை. முதலில் மட்டம் தட்டுகிறது என்றுதான் எரிந்து விழுந்தேன். அப்புறம் துடிப்பு வரைபடத்தைப் பின்னோக்கித் தள்ளிப் பார்த்தேன். ஓய்வில் 78 இருந்தது 66க்கு இறங்கியிருக்கிறது. அதே ஆட்டத்துக்கு என் இதயம் முன்போல அடித்துக்கொள்ள வேண்டியிருக்கவில்லை, அதனால் வாட்ச் குறைத்துப் போடுகிறது. கலோரி எவ்வளவு என்பதில் பொய், ஆனால் நான் தேறியிருக்கிறேன் என்பதில் நிஜம். அன்றைக்கு அதை மன்னித்துவிட்டேன்.

தோழிக்கு 'கலோரிக்காக என்றால் வாங்காதே, துடிப்புக்காக என்றால் தாராளமாக வாங்கு' என்று எழுதினேன். அனுப்புமுன் எல்லாவற்றையும் அழித்துவிட்டு 'வாங்காதே' என்பதை மட்டும் அனுப்பினேன். அன்று காலைதான் 45 நிமிடம் குதித்து முடித்துப் பார்த்தபோது, 'உடற்பயிற்சி எதுவும் பதிவாகவில்லை' என்றது.