எக்செலில் மணிக்கணக்கு: பலகாரக் கடைச் சம்பள ஷீட் அனுபவம்

காரைக்குடியில் ஒரு பலகாரக் கடைக்குச் சில வருஷமாக எக்செலில்தான் சம்பளக் கணக்குப் போடுகிறேன். தேன்குழல், சீப்புச்சீடை, அதிரசம் என்று தீபாவளி நெருங்கினால் ராத்திரியிலும் அடுப்பு எரியும். மணிக்கணக்கில் கூலி. கூட்டல் பெருக்கலில் எக்செலைக் குறை சொல்ல ஒன்றுமில்லை; நேரம் என்று வந்தால்தான் அதன் குணம் தெரிந்து பழக வேண்டும்.

எக்செலுக்கு ஒரு முழு நாள் என்பது 1. காலை 6 மணி 0.25. திரையில் தெரிகிற 8:30 வெறும் வேஷம், உள்ளே இருப்பது 0.354 சொச்சம். மணிக்கு 70 ரூபாய் என்று நேரே பெருக்கினால் 24 ரூபாய் 79 காசு வரும்! கூடவே 24ஆலும் பெருக்கி, ஃபார்மட்டை நம்பர் என்று மாற்றினால் சரியாக 595.

ராத்திரி 10 மணிக்கு வந்து காலை 6:30க்குப் போகிறவருக்குக் கழித்துப் பார்த்தால் மைனஸ். கட்டம் முழுக்க #####. அந்தக் கழித்தலை மாட் (MOD, வகுத்த மீதியைத் தருவது) ஃபங்ஷனுக்குள் போட்டு, கமா, 1 என்று முடித்தால் 8:30 வந்துவிடும். இஃப் (IF) என்று நிபந்தனை போட்டு நீட்டி முழக்க வேண்டியதில்லை.

ஆறு நாள் எட்டரையைக் கூட்டினால் 51 மணி. சாதாரண ஃபார்மட்டோ இரண்டு முழு நாளை முழுங்கிவிட்டு 3:00 என்று நிற்கும். 51 என்றே தெரிய, கஸ்டம் ஃபார்மட்டில் எச் எழுத்தைச் சதுர அடைப்புக்குள், [h]:mm என்று போட வேண்டும். கூகுள் ஷீட்ஸில் டியூரேஷன் என்று தனி ஃபார்மட்டே உண்டு, மைனஸ் நேரத்தையும் காட்டும். இந்த விஷயத்தில் என் ஓட்டு அதற்குத்தான்.

பெரிய தலைவலி புள்ளிதான். நோட்டில் நாம் எல்லாரும் 7.30 என்றுதானே எழுதுவோம்? அதையே நேரக் கட்டத்தில் அடித்தால் 7:12 என்று காட்டும். ஏழு நாளும் 0.3 நாளும் என்று எடுத்துக்கொள்கிறது, 0.3 நாள் என்றால் 7 மணி 12 நிமிஷம். 8.30 அடித்தாலும் 9.30 அடித்தாலும் அதே 7:12தான். கடைப் பையன் ஒருநாள் அப்படி ஏற்றிய ஷீட்டைப் பார்த்து அதிரசம் சுடுகிற ஆச்சி, "ஏம்ப்பா, நாங்க எல்லாரும் ஒண்ணாவா வந்தோம்?" என்றார். மாட் வேறு அந்த முழு நாட்களைச் சத்தமில்லாமல் கழித்துவிடுவதால் விடையும் நம்பும்படியே இருக்கும்.

கட்டத்தில் எதை அடிக்கலாம் என்று வரம்பு வைக்கிற டேட்டா வேலிடேஷனில் டைம் என்று தேர்ந்தெடுத்து 0:00 முதல் 23:59 வரை என்று வைத்தபின் 7.30ஐ உள்ளேயே விடுவதில்லை. ஆனால் வாட்ஸாப்பிலிருந்து காப்பி பண்ணி ஒட்டுவதை அது தடுக்காது. "7:30 மணி" என்று ஒட்டினால் வெறும் எழுத்தாக இடப்பக்கம் ஒதுங்கி நிற்கும், கூட்டுகிற சம் (SUM) ஃபங்ஷனும் அதைக் கண்டுகொள்ளாது. அதற்காகப் பக்கத்திலேயே, இருப்பது எண்தானா என்று சொல்கிற இஸ்நம்பர் (ISNUMBER) போட்டு ஒரு நெடுவரிசை வைத்திருக்கிறேன்.