சத்துக்காகச் சிப்பிக்காளான்: மஞ்சளா, வெள்ளையா, இளஞ்சிவப்பா?

விளைச்சல் மட்டுமே குறி என்றால் வெள்ளை ஃபுளோரிடா ரகத்தைப் போட்டுவிடலாம். வைக்கோல் படுக்கையில் தவறாமல் வரும், கடைக்காரருக்குப் பழகிய நிறம், பையில் எளிதில் உடையாது. சாம்பல் நிற சஜோர் காஜுவும் ஏறக்குறைய அப்படியே. இளஞ்சிவப்பு வெக்கையைத் தாங்கும், சீக்கிரம் மொட்டு விடும். ஆனால் பறித்த மறுநாளே வாடத் தொடங்கும், சமைத்தால் நிறமும் போய்விடும்.

சத்தைச் சொல்லி விற்க நினைப்பவர்கள் எந்தச் சத்து என்பதை முதலில் முடிவு செய்யவேண்டும். பீட்டா குளுக்கான் என்ற நார்ச்சத்து என்றால் ரகத்தைவிடப் பாகம் முக்கியம்: குடையைவிடக் காம்பில்தான் அது கூடுதல். வெட்டி எறியும் காம்பைக் காயவைத்துப் பொடித்தாலே போதும். வைட்டமின் டி2 என்றால் வெயில்தான் முக்கியம். குடையின் அடிமடிப்பு மேலே இருக்குமாறு உச்சிவெயிலில் ஒரு மணி நேரம் பரப்பினால், எந்த ரகத்திலும் காளானில் உள்ள எர்கோஸ்டெரால் என்ற பொருள் டி2-ஆக மாறும். கண்ணாடிக்கு அடியில் வைத்தால் பயனில்லை. கொழுப்பைக் குறைக்கும் லோவாஸ்டாட்டின் என்ற பொருளின் அளவோ ரகம், முதிர்ச்சி இரண்டையும் பொறுத்து வெகுவாக மாறுகிறது. கொழுப்பு மாத்திரைக்கு மாற்று என்று சொல்லி விற்காதீர்கள்.

ரகம் உண்மையிலேயே கணக்கில் வருவது எர்கோதயோனினில். 1909-இல் கண்டறியப்பட்ட இந்த ஆக்சிஜனேற்றத் தடுப்புப் பொருளை நம் உடலால் உருவாக்க முடியாது, உணவில்தான் கிடைக்கவேண்டும். மொட்டுக்காளானைவிடச் சிப்பிக்காளானில் இது பல மடங்கு. சிப்பிகளுக்குள் மஞ்சள் சிட்ரினோபிலியேட்டஸ் முன்வரிசையில் நிற்கிறது. எங்கள் தேர்வும் அதுதான்.

மஞ்சளை எல்லோரும் ஒதுக்கக் காரணம் அதன் மென்மை. குடை ஓரம் தொட்டாலே உடையும், பையில் ஒரு நாளில் குழையும். ஆகவே பச்சையாக விற்கும் எண்ணத்தையே விட்டுவிடுங்கள். எர்கோதயோனின் சூட்டைத் தாங்கும் என்பதால் உலர்த்தினாலும் பெரிதாகக் குறையாது. உடைந்த துண்டும் உலர்த்தியில் முழுக்காளானுக்குச் சமம். முடிவைத் தீர்மானித்தது இந்த ஒன்றுதான்.

குடை ஓரம் உள்பக்கம் வளைந்திருக்கும்போதே கொத்தாகப் பறியுங்கள். விரிந்து மேல்நோக்கித் திரும்பினால் வித்துத்தூள் கொட்டும். குடிலில் வேலை செய்பவருக்கு இருமலும் மூச்சுத் தொல்லையும் வரும், முகக்கவசம் கட்டாயம். உலர்த்தியை 40 டிகிரியில் தொடங்கி, ஈரம் இறங்கியபின் 50-க்கு ஏற்றுங்கள். எடுத்த எடுப்பில் சூடு கூட்டினால் மேல்தோல் இறுகி, உள்ளே ஈரம் தங்கிப் பூசணம் பிடிக்கும். ஒடித்தால் "சடக்" என்று முறியவேண்டும். 10 கிலோ பச்சைக் காளானுக்கு ஏறக்குறைய 1 கிலோ உலர்காளான் கிடைக்கும். ஆறியதும் உடனே காற்றுப்புகாத டப்பாவில் அடையுங்கள், பொடியாக்கினால் ஈரத்தை இன்னும் வேகமாக இழுக்கும்.

வாங்குபவரிடம் ஒன்றைச் சொல்லிக் கொடுங்கள்: எர்கோதயோனின் நீரில் கரையும், எனவே ஊறவைத்த தண்ணீரைக் கொட்டாமல் குழம்பிலோ ரசத்திலோ சேர்க்கவேண்டும்.

ஒரே மஞ்சள் ரகத்திலும் படுக்கையில் இடும் வித்து எந்த வழி வந்தது, வைக்கோலா மரத்தூளா, தவிடு சேர்த்தீர்களா என்பதைப் பொறுத்து அளவு மாறும். ஆகையால் ஆய்வுக் கட்டுரையில் கண்ட எண்ணை அப்படியே அட்டையில் அச்சிடாமல், உங்கள் தொகுதியிலிருந்தே மாதிரி எடுத்து ஆய்வகத்துக்கு அனுப்புங்கள். வித்துக்கூடத்தையோ படுக்கைப் பொருளையோ மாற்றினால் மறுபடியும் அனுப்புங்கள்.