தலை திரும்பாத குழந்தையைத் திருப்பும் சேவைகள்: எதற்குப் போகலாம், எதை விட்டுவிடலாம்

பிரசவம் நெருங்கியும் குழந்தையின் பிட்டம் கீழேயே இருக்கிறது என்று தெரிந்ததும், அதைத் திருப்பித் தருவதாகச் சொல்லும் சேவைகள் வரிசைகட்டி வரும். அவற்றில் சொன்னதைச் செய்வது ஒன்றுதான். மருத்துவமனையில் வைத்து, மகப்பேறு மருத்துவர் வயிற்றின் மேல் கையை அழுத்திக் குழந்தையைத் திருப்பும் இ.சி.வி. அதுவும் ஏறக்குறைய பாதிப் பேருக்குத்தான் பலிக்கும். மோக்ஸா குச்சி, சாய்வுப் பலகை, இடுப்பெலும்பு சரிசெய்தல், வயிற்றில் ஒட்டும் ஒலிபெருக்கி எல்லாம் அதற்கு வெகுதூரம் பின்னால்.

இவற்றைப் பற்றிய பாராட்டுரைகளைப் படிக்கும்போது பார்க்க வேண்டியது ஒன்றே: எத்தனையாவது வாரத்தில் செய்தார்கள்? 28 வாரத்தில் ஐந்தில் ஒரு குழந்தைக்கு மேல் பிட்டம் கீழாகத்தான் இருக்கும். மாதம் முடியும்போது அது 3 முதல் 4 சதவீதமாகச் சுருங்கிவிடும். நடுவில் திரும்பிய குழந்தைகள் எல்லாம் தானாகத் திரும்பியவை. ஆகவே 30, 32 வாரத்தில் எதைச் செய்தாலும் 'பலன்' கிடைக்கும். அந்தப் பலனுக்குத்தான் பலர் கட்டணம் வாங்குகிறார்கள். 36 வாரத்துக்குப் பிறகு கதை வேறு. முதல் பிரசவக்காரர்களில் அதற்கு மேல் தானாகத் திரும்புவது சுமார் 8 சதவீதம்தான். ஒரு சேவையை எடைபோட அந்தக் கட்டம்தான் சரியான தராசு. அதற்கு முன் எதற்கும் முன்பணம் கட்டவேண்டாம்.

இ.சி.வி.யை முதல் பிரசவத்துக்கு 36 வாரம் முடிந்ததும், ஏற்கெனவே பெற்றவர்களுக்கு 37 வாரத்திலும் செய்வது பிரிட்டன் மகப்பேறு மருத்துவர் கழகத்தின் வழிகாட்டல். அமெரிக்காவில் எல்லோருக்கும் 37 வாரம் என்கிறார்கள். அதற்கு முன்பே செய்தால் குழந்தை மறுபடி பழைய நிலைக்குப் போகும் வாய்ப்பு கூடுதல். இடையில் ஏதாவது சிக்கல் வந்து உடனே வெளியே எடுக்க நேர்ந்தால் குறைமாதக் குழந்தையாகிவிடும். ரொம்பவும் தள்ளிப்போட்டால் பிட்டம் இடுப்புக்குழிக்குள் இறங்கி உட்கார்ந்துகொள்ளும், பனிக்குட நீரும் குறைந்துகொண்டே வரும்.

நல்ல இடத்தில் இது எப்படி நடக்கும் என்று தெரிந்துவைத்துக்கொண்டால், போகும் இடத்தின் தரத்தை அங்கேயே அளந்துவிடலாம். முதலில் ஸ்கேன். தலை எந்தப் பக்கம், முதுகு எந்தப் பக்கம், கால் நீட்டியிருக்கிறதா மடக்கியிருக்கிறதா, நச்சுக்கொடி எங்கே ஒட்டியிருக்கிறது, நீர் எவ்வளவு என்று பார்ப்பார்கள். நச்சுக்கொடி கருப்பை வாயை மறைத்திருந்தால் பேச்சு அங்கேயே முடிந்தது. எப்படியும் சிசேரியன்தான், திருப்புவதில் அர்த்தமில்லை. அடுத்து சி.டி.ஜி. மாட்டிக் குறைந்தது 20 நிமிடமாவது குழந்தையின் இதயத்துடிப்பைப் பதிவுசெய்வார்கள். ரத்தப் பிரிவு சீட்டைக் கேட்பார்கள். சிறுநீர் கழித்துவிட்டு வரச் சொல்வார்கள். இவற்றில் ஒன்றைக்கூடச் செய்யாமல் நேராக வயிற்றில் கைவைக்கும் இடமென்றால் எழுந்து வந்துவிடலாம், கூச்சமே வேண்டாம்.

பிறகு கருப்பையைத் தளர்த்தும் ஊசி. பெரும்பாலும் டெர்பியூட்டலின் 0.25 மில்லிகிராம், தோலுக்கடியில். போட்ட சில நிமிடங்களில் நெஞ்சு படபடக்கும், விரல்கள் நடுங்கும், முகம் சூடாகும். பயப்படவேண்டாம், சிறிது நேரத்தில் அடங்கிவிடும். ஆனால் இதயக் கோளாறோ, கட்டுக்குள் வராத தைராய்டோ, சர்க்கரையோ இருந்தால் ஊசிக்கு முன்பே சொல்லிவிட வேண்டும். இந்த ஊசியால் வெற்றி வாய்ப்பு கூடுகிறது என்பது ஆய்வுகளில் நன்றாகத் தெரிந்த விஷயம். 'ஊசியெல்லாம் வேண்டாம், கையாலேயே பார்த்துக்கொள்ளலாம்' என்று சொல்லும் இடத்தில் ஏன் என்று கேளுங்கள்.

படுக்கையில் லேசாக இடப்பக்கம் சாய்த்து, முழங்காலைச் சற்று மடக்கி, கால்மாட்டைக் கொஞ்சம் உயர்த்திப் படுக்கவைப்பார்கள். வயிற்றில் ஜெல் தடவுவார்கள். திருப்புவதில் முதல் வேலை தலையில் இல்லை, பிட்டத்தில். அடிவயிற்று எலும்புக்கு மேலே விரல்களை உள்வாங்கி அழுத்தி, பிட்டத்தை இடுப்புக்குழியிலிருந்து மேலே கிளப்பி ஒரு பக்கமாக ஒதுக்க வேண்டும். வலி அதிகம் தெரியும் இடமும் இதுதான், பல முயற்சிகள் தோற்கும் இடமும் இதுதான். பிட்டம் கிளம்பிவிட்டால் மற்ற கை தலையைப் பிடித்து, குழந்தையின் மூக்கு பார்க்கும் திசையில் முன்பக்கமாகக் குட்டிக்கரணம் போடவைக்கும். அது நகரவில்லை என்றால் எதிர்த்திசையில் ஒரு முறை பார்ப்பார்கள். ஒவ்வொரு முயற்சிக்கும் நடுவில் ஸ்கேனில் இதயத்துடிப்பைப் பார்த்தே ஆகவேண்டும். கை அழுத்தும் நேரம் எல்லாம் சேர்த்து 10 நிமிடத்தைத் தாண்டக் கூடாது. கைதேர்ந்தவர் செய்து, குழந்தையும் ஒத்துழைத்தால் ஓரிரு நிமிடத்திலேயே முடிந்துவிடுவதும் உண்டு.

வலிக்குமா என்றால், வலிக்கும். சிலருக்கு அழுத்தம் மட்டும், சிலருக்குத் தாங்கமுடியாத அளவு. 'போதும்' என்றதும் கையை எடுப்பதாக முன்கூட்டியே ஒப்புக்கொள்ளும் மருத்துவரிடம்தான் போக வேண்டும். மூச்சைப் பிடித்தால் வயிற்றுத் தசை விறைத்து அவர் கைக்கு எதிராக நிற்கும். வாயைத் திறந்து மெல்ல மூச்சு விட்டுக்கொண்டே இருப்பது, கேட்கச் சாதாரணமாக இருந்தாலும், உண்மையிலேயே உதவும். சில இடங்களில் முதுகில் மரத்துப்போகும் ஊசி போட்டுச் செய்கிறார்கள். தளர்த்தும் ஊசியோடு சேர்த்துப் போட்டால் வெற்றி கூடுகிறது. முதல் முறை வலியாலோ வயிற்று விறைப்பாலோ தோற்றவர்களுக்கு இது நல்ல இரண்டாம் வாய்ப்பு.

எண்களைப் பார்ப்போம். முதல் பிரசவத்தில் சுமார் 40 சதவீதம், ஏற்கெனவே பெற்றவர்களுக்குச் சுமார் 60 சதவீதம் வெற்றி. திரும்பிய பின் மறுபடி பழைய நிலைக்குப் போவது 5 சதவீதத்துக்கும் குறைவு. செய்த 24 மணி நேரத்துக்குள் அவசர சிசேரியன் தேவைப்படுவது ஏறக்குறைய 200 பேரில் ஒருவருக்கு. அந்த ஒருவருக்காகத்தான் அறுவை அரங்கு எட்டும் தூரத்தில் இருக்க வேண்டும் என்று அடித்துச் சொல்கிறோம். அரங்கு இல்லாத கிளினிக்கில் எவ்வளவு பெரிய நிபுணர் செய்வதானாலும் வேண்டாம். முயற்சியின்போது குழந்தையின் துடிப்பு சற்றுக் குறைவது அடிக்கடி நடக்கும். கையை எடுத்த சில நிமிடங்களில் பெரும்பாலும் சரியாகிவிடும். சரியாகாத போதுதான் அரங்கு.

யாருக்கு எளிதில் திரும்பும்? முன்பே பெற்றவர்கள், நீர் தாராளமாக இருப்பவர்கள், நச்சுக்கொடி பின்சுவரில் இருப்பவர்கள், வயிறு மெத்தென்று இருந்து தலை கைக்குத் தெளிவாகத் தட்டுப்படுபவர்கள். திரும்பாததற்குப் பொதுவான காரணங்களும் இதன் மறுபக்கம்தான்: பிட்டம் ஆழமாக இறங்கிவிட்டது, நீர் குறைவு, நச்சுக்கொடி முன்சுவரில். இன்னொன்று கால்கள். இரண்டு காலையும் நேராக முகத்தை நோக்கி நீட்டிக்கொண்டிருக்கும் குழந்தைக்கு, அந்தக் கால்களே முறிந்த எலும்புக்குக் கட்டும் சிம்பு போல உடம்பை வளையவிடாமல் பிடித்துக்கொள்ளும். மாதம் முடியும் கட்டத்தில் பிட்டம் கீழாக இருப்பவற்றில் பெரும்பான்மை இந்த வகைதான் என்பதால் 'பாதிக்குப் பாதி' என்ற எண்ணுக்கு மேல் யார் உத்தரவாதம் தந்தாலும் சந்தேகப்படுங்கள். 'எங்களிடம் வந்தால் கண்டிப்பாகத் திரும்பும்', 'ஆறு அமர்வுத் தொகுப்பு' போன்ற விளம்பரங்கள் எல்லாம் அந்தக் கணக்கில்தான்.

அண்மையில் ரத்தப்போக்கு இருந்தவர்கள், பனிக்குடம் உடைந்தவர்கள், சி.டி.ஜி. சரியில்லாதவர்கள், கருப்பை அமைப்பில் பெரிய மாறுபாடு உள்ளவர்கள், வயிற்றில் இரட்டை இருப்பவர்கள் ஆகியோருக்கு இது கூடாது. முன்பு ஒரு சிசேரியன் ஆனது மட்டும் தடையல்ல. இருந்தாலும் சில மருத்துவர்கள் கைவைக்கத் தயங்குவார்கள். அப்போது இன்னொருவரின் கருத்தைக் கேட்பதில் தவறில்லை. நேரில் கேட்கவேண்டிய கேள்வி ஒன்று உண்டு: 'வருடத்துக்கு எத்தனை பேருக்குச் செய்கிறீர்கள், எத்தனை பேருக்குத் திரும்புகிறது?' தொடர்ந்து செய்பவரிடம் பதில் தயாராக இருக்கும்.

முடிந்ததும் மறுபடி சி.டி.ஜி., பிறகு அன்றே வீட்டுக்கு அனுப்புவது வழக்கம். ரத்தப் பிரிவு ஆர்.எச். நெகட்டிவாக உள்ள தாய்க்கு 72 மணி நேரத்துக்குள் ஆன்டி-டி ஊசி போட்டாக வேண்டும். திரும்பினாலும் சரி, திரும்பாவிட்டாலும் சரி. ஓரிரு நாள் வயிறு கன்றிப்போனது போல இருக்கும். ரத்தமோ நீரோ கசிந்தால், வலி விடாமல் தொடர்ந்தால், குழந்தையின் அசைவு குறைந்தால் காத்திருக்காமல் உடனே மருத்துவமனை. எங்கள் மதிப்பெண் 5-க்கு 4. குறைத்த ஒன்று வலிக்காகவும், செய்யத்தெரிந்த கைகள் எல்லா இடத்திலும் கிடைக்காததற்காகவும்.

அடுத்து மோக்ஸா. மாசிபத்திரி வகைச் செடியின் இலையை உலர்த்திச் சுருட்டிய குச்சியைப் பற்றவைத்து, காலின் சுண்டுவிரல் நகத்தின் வெளி ஓரத்தில் சூடு காட்டுவது. சீன மருத்துவத்தில் அந்தப் புள்ளிக்கு பி.எல். 67 என்று பெயர். 33 முதல் 35 வாரத்துக்குள் தொடங்கி, ஒரு காலுக்கு 15 நிமிடம் வீதம், ஒரு வாரம் அல்லது பத்து நாள் செய்வது வழக்கமான முறை. குச்சி தோலைத் தொடக் கூடாது. விரலில் இதமான சூடு தெரியும் தூரத்தில் நிறுத்த வேண்டும், சுட்டால் விலக்க வேண்டும். நிறைமாத வயிற்றோடு சொந்தக் கால் விரலை எட்டமுடியாது என்பதை எந்த விற்பனைப் பெட்டியிலும் போடுவதில்லை. பொறுமையாகப் பிடித்துக்கொண்டு உட்கார இன்னொருவர் வேண்டும். சாம்பலை அடிக்கடி தட்ட வேண்டும், முடிந்ததும் குச்சியை மணல் நிரப்பிய டப்பாவில் குத்தி அணைக்க வேண்டும். அணைந்தது போலத் தெரிந்து உள்ளே கனன்றுகொண்டிருக்கும். புகை கனம், நெடி திரைச்சீலையில் தங்கும், குமட்டல் வரும். புகையில்லாக் கரிக் குச்சி கிடைக்கிறது, ஆனால் பற்றவைக்கப் பெரும்பாடு. பாதத்தில் உணர்ச்சி மங்கிய சர்க்கரை நோயாளிகள் இதைத் தொடவேண்டாம்.

பலன்? 1998-இல் அமெரிக்க மருத்துவக் கழக இதழில் வந்த சீன ஆய்வில், 33-ஆவது வாரத்தில் மோக்ஸா தொடங்கிய 130 பேரில், 35-ஆவது வாரத்தில் பார்த்தபோது 98 குழந்தைகள் திரும்பியிருந்தன. செய்யாத 130 பேரில் 62. விற்பவர்கள் முதல் எண்ணை மட்டும் சொல்வார்கள். எதுவும் செய்யாமலே திரும்பிய அந்த 62-ஐயும் சேர்த்துப் படிக்க வேண்டும். பிறகு இத்தாலியில் அதே முறையைச் செய்துபார்த்தபோது, பெண்களால் புகையையும் நெடியையும் தாங்கித் தொடர முடியாமல் ஆய்வையே பாதியில் நிறுத்தினார்கள். பின்னர் வந்த தொகுப்பாய்வுகளில் ஓரளவு பலன் தெரிகிறது, ஆனால் சிசேரியன் குறைந்ததாகத் தெளிவாகக் காட்டமுடியவில்லை. தெரிந்தவர் கண்காணிப்பில், காற்றோட்டமான அறையில், 36-ஆவது வாரத்துக்குக் காத்திருக்கும் நேரத்தில் செய்துபார்க்கலாம். இரண்டு மதிப்பெண். இ.சி.வி.க்குப் பதிலாக இதை நம்பி நாளைக் கடத்தினால் பூஜ்யம்.

சாய்வுப் பலகை, முழங்காலும் நெஞ்சும் தரையில் படும்படி பிட்டத்தை உயர்த்திக் கிடப்பது ஆகியவற்றை ஆறு ஆய்வுகளில் 417 பெண்களிடம் சோதித்துப் பார்த்தும் பலன் தெரியவில்லை. கட்டிலில் 10 நிமிடம் முழங்காலிட்டுக் கிடப்பதற்குச் செலவில்லை, இடுப்பு வலிக்கு இதமாகவும் இருக்கும், செய்துகொள்ளுங்கள். பலகையை வாங்காதீர்கள். தலைகீழாகச் சாய்ந்தால் நெஞ்செரிச்சல் மேலேறும், எழும்போது தலைசுற்றும், வழுக்கும். ரத்த அழுத்தம் உள்ளவர்களுக்கு அறவே கூடாது.

இடுப்பெலும்பைச் சரிசெய்யும் வெப்ஸ்டர் முறைக்கு நம்பகமான ஒப்பீட்டு ஆய்வு இல்லை. அதைச் செய்பவர்களில் பலர், இடுப்பின் இயக்கத்தைச் சீராக்குவதாகத்தான் எழுத்தில் சொல்கிறார்கள். குழந்தை திரும்பும் என்பது வாய்வார்த்தையில் மட்டும். அடிவயிற்றில் பாட்டு, மேல்வயிற்றில் ஐஸ், டார்ச் வெளிச்சம் இவற்றால் நன்மையும் இல்லை, பெரிய தீங்கும் இல்லை. ஐஸை மட்டும் துணியில் சுற்றாமல் வைக்காதீர்கள்.

தீங்கு இருப்பது வேறிடத்தில். ஸ்கேனும் சி.டி.ஜி.யும் இல்லாமல், எண்ணெய் தடவி வயிற்றை அமுக்கித் திருப்புகிறேன் என்று வருபவர்களிடம். நச்சுக்கொடி கருப்பைச் சுவரிலிருந்து பிய்ந்துவந்தால் வெளியே ரத்தம் தெரியாமலே உள்ளுக்குள் பெருகலாம். குழந்தை திணறுவது அந்தக் கைகளுக்குத் தெரியவே தெரியாது. மருத்துவமனையில் செய்வதும் இதே அமுக்கல்தானே என்று கேட்பார்கள். எப்போது கையை எடுக்க வேண்டும் என்பதை அங்கே இயந்திரம் சொல்கிறது.

இ.சி.வி. பலிக்காவிட்டால் இரண்டு வழி: 39 வாரத்தையொட்டித் திட்டமிட்ட சிசேரியன், அல்லது பிட்டம் முன்வரும் சுகப்பிரசவத்தில் நல்ல பழக்கமுள்ள குழு இருக்கும் இடத்தில் அதற்கே முயல்வது. 2000-ஆம் ஆண்டு வெளியான, இந்த இரண்டு வழிகளையும் 26 நாடுகளில் ஒப்பிட்டுப் பார்த்த டெர்ம் ப்ரீச் ஆய்வுக்குப் பிறகு உலகம் முழுக்க சிசேரியன் பக்கம் சாய்ந்துவிட்டதால் அத்தகைய குழுக்கள் குறைவு. எதைத் தேர்ந்தெடுத்தாலும், அறுவைக்குப் போகும் அன்று காலையில் ஒரு ஸ்கேன் கேட்டு வாங்குங்கள். தோற்றுப்போன இ.சி.வி.க்குப் பிறகும் 100-க்கு மூன்று முதல் ஏழு குழந்தைகள் தானாகத் திரும்பிவிடுகின்றன.

கடைசியாக, டிஸ்சார்ஜ் சீட்டில் அடிக்கடி விட்டுப்போகும் ஒன்று. 36 வாரத்துக்கு மேல் பிட்டம் கீழாக இருந்த குழந்தைக்கு, பிறகு திரும்பித் தலைவழியே பிறந்திருந்தாலும், இடுப்பு மூட்டு சரியாகப் பொருந்தாமல் இருக்கும் வாய்ப்பு மற்றக் குழந்தைகளைவிட அதிகம். பிறந்த 4 முதல் 6 வாரத்துக்குள் இடுப்பு அல்ட்ராசவுண்ட் எடுக்க வேண்டும் என்பதைக் குழந்தையின் பதிவேட்டில் எழுதிவாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போங்கள்.