கம்பெனி செலவில் எம்.டெக்.: பாண்டில் கையெழுத்துப் போடலாமா?

"வேலையை விடாமல் எம்.டெக். படியுங்கள், ஃபீஸ் நாங்கள் கட்டுகிறோம்." ஐ.டி., ஆட்டோமொபைல் நிறுவனங்கள் தரும் இந்தத் திட்டம் பெரும்பாலும் ஒரே அச்சில்தான் வருகிறது: பிட்ஸ் பிலானி நடத்துவது போன்ற நான்கு செமஸ்டர் படிப்பு, பதிலுக்கு இரண்டு ஆண்டு பாண்டு, அதாவது அதற்குள் வேலையை விட்டால் பணம் கட்டுவேன் என்ற ஒப்பந்தம். படிப்பைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. எடை போட வேண்டியது அதனோடு வரும் ஒப்பந்தத்தை.

முதலில் தேதியைத் தேடுங்கள். படிப்பில் சேர்ந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டு என்றால் படிப்போடு பாண்டும் முடிந்துவிடும். படித்து முடித்த நாளிலிருந்து என்றால் மொத்தம் நான்கு ஆண்டு. ஒரு பேப்பர் அரியர் ஆனால் அதற்கும் மேல். எச்.ஆர். வாய்வார்த்தையில் இரண்டும் "இரண்டு வருஷம்"தான். நோட்டீஸ் பீரியட் 90 நாள் இந்தக் காலத்துக்குள் அடங்குமா என்பதையும் எழுத்தில் கேளுங்கள்.

அடுத்து, இடையில் விலகினால் எவ்வளவு? உதாரணத்துக்கு ஃபீஸ் 3,60,000 ரூபாய், பாண்டு 24 மாதம். மாதாமாதம் குறையும் பாண்டு என்றால் ஒரு மாத வேலைக்கு 15,000 கழியும். 18 மாதம் முடித்தவர் 90,000 கட்டினால் போதும். முழுத்தொகை பாண்டில் 23ஆவது மாதம் விலகினாலும் 3,60,000 கட்ட வேண்டும். இந்த இரண்டாவது வகையில் கையெழுத்துப் போடவே வேண்டாம். மாற்றச் சொல்லிக் கேட்டால் மாற்றித் தரும் நிறுவனங்கள் உண்டு.

லாபமா நஷ்டமா என்று பார்க்க ஒரு கணக்கு இருக்கிறது. அதே 3,60,000 ரூபாயை 11 சதவீத வட்டியில் கடன் வாங்கி மூன்று ஆண்டில் அடைத்தால் வட்டி சுமார் 64,000. இரண்டையும் கூட்டி 24ஆல் வகுத்தால் ஏறக்குறைய 17,700 வரும். படிப்பு முடிந்தபின் வெளியில் கிடைக்கும் சம்பள உயர்வு, வரி போக, மாதம் இதைத் தாண்டும் என்றால் சொந்தக் கடனில் படிப்பதே மேல். தாண்டாது என்றால் நிறுவனப் பணத்தைத் தயங்காமல் வாங்கிக்கொள்ளலாம்.

"பாண்டெல்லாம் கோர்ட்டில் நிற்காது" என்று நண்பர்கள் சொல்வதை நம்பிக் கையெழுத்துப் போடுவதுதான் பெரிய தவறு. வேலையை விட்டபின் போட்டி நிறுவனத்தில் சேரக் கூடாது என்ற நிபந்தனை, 1872ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின் 27ஆம் பிரிவுப்படி செல்லாது, உண்மைதான். பணம் திருப்பிக் கட்டும் நிபந்தனை வேறு. விஜயா வங்கி வழக்கில், மூன்று ஆண்டு முடியும் முன் விலகினால் 2 லட்சம் கட்ட வேண்டும் என்ற நிபந்தனையை உச்ச நீதிமன்றம் 2025 மே மாதம் செல்லும் என்றது. அதே சட்டத்தின் 74ஆம் பிரிவு நம் பக்கம் ஒரு பிடி தருகிறது: எழுதிய தொகை உச்சவரம்புதான், அதற்குள் நியாயமான ஈடு மட்டுமே கிடைக்கும். ஆகவே "பயிற்சிச் செலவு" என்று பொதுவாக எழுதவிடாதீர்கள். பயிற்சிக் காலச் சம்பளம், மேலாளரின் நேரம் என்று பின்னால் எதையும் அதில் ஏற்ற முடியும். "கல்வி நிறுவனத்துக்குக் கட்டிய ஃபீஸ், ரசீதின்படி" என்று இருக்கட்டும்.

ஒரிஜினல் சர்டிபிகேட்டையோ தொகை நிரப்பாத செக்கையோ கொடுக்காதீர்கள். செக் திரும்பினால் மாற்றுமுறை ஆவணச் சட்டத்தின் (Negotiable Instruments Act) 138ஆம் பிரிவில் வழக்கு வரும். எவ்வளவு தர வேண்டும் என்ற பேச்சே பின்னால் போய்விடும்.

வேலையை விடும்போது தரும் செட்டில்மென்ட் கணக்கில் பாண்டுத் தொகைக்கு மேல் 18 சதவீத ஜி.எஸ்.டி. சேர்த்திருந்தால் மறுத்துக் கேளுங்கள். இப்படி வசூலிக்கும் தொகைக்கு ஜி.எஸ்.டி. இல்லை என்று 2022 ஆகஸ்ட் 3ஆம் தேதிச் சுற்றறிக்கை (178/10/2022) தெளிவாகச் சொல்கிறது.

நிறுவனமே ஆட்குறைப்பு செய்தால் ஒரு ரூபாயும் திரும்பத் தர வேண்டியதில்லை என்ற வரி பல ஒப்பந்தங்களில் இருப்பதில்லை. கேட்டு, இரு தரப்பும் கையெழுத்திட்ட இணைப்பாக வாங்குங்கள். ஃபீஸ் ரசீது நிறுவனத்தின் பேரில் வரலாம், ராஜினாமா செய்தபின் ஆபீஸ் மெயில் திறக்காது. அதனால் ஒவ்வொரு செமஸ்டர் ரசீதின் நகலையும் அவ்வப்போதே கேட்டு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.